இரண்டு நிமிடம்

கடிகாரம் என்னிடம் இருந்தது.
ஆளுக்கு இரண்டு நிமிடம்,
அதற்குமேல் யாருக்கும் இல்லை, போதகருக்கும் இல்லை என்று
மூன்று செவ்வாய்க்கிழமை சண்டை போட்டு முடிவெடுத்திருந்தோம்.

ரசீன் நகரம். பிப்ரவரி.
பெத்தேல் ஆலயத்தின் நிலவறை.
மிச்சிகன் ஏரியிலிருந்து வந்த காற்று
மிதியடிவரை பனியைத் தள்ளிக்கொண்டு வந்தது.
நூற்றிருபது நாற்காலி போட்டோம்.
வந்தது நூற்று நாற்பத்தொரு பேர்.
இடமில்லாதவர்கள் வெந்நீர்க் குழாயை ஒட்டி நின்றார்கள்,
அது அவர்களுக்கு லாபம்தான்.

முதலில் வெர்லீன் டாலிவர்.
மருத்துவமனைச் சலவையறையில் இரவு வேலை.
வாங்கியது முந்நூறு டாலர், கார் பிரேக்குக்கு.
கட்டியது ஆயிரத்து நூற்று நாற்பது.
பாக்கி முந்நூறு.
சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.
ஒரு நிமிடம் பத்து நொடி மிச்சம்.
அதை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

போதகர் மேப்ரி சொன்னார்:
மோசேயின் மொழியில் வட்டி என்றால் கடி.
இமாம் நுஸ்ரத் தலையசைத்தார்:
எங்கள் வேதத்தில் அதைத் தின்றவன்
சாத்தான் தீண்டியவன்போல் எழுவான்.
மலை மாதா பங்கிலிருந்து வந்த எவுலாலியோ
எனக்கு வேதம் அவ்வளவாகத் தெரியாது,
பல் பதிந்த இடம் தெரியும் என்று
சட்டைப்பையிலிருந்து ரசீதுகளை எடுத்துக் கொட்டினார்.
என் கையிலிருந்த கடிகாரத்தின் பெயரிலும்
ஒரு கடி இருப்பது
அப்போதுதான் உறைத்தது.

எதிரே நகரமன்ற உறுப்பினர் ஸ்ட்ரோபெல்.
கேள்வி ஒன்றே ஒன்று,
அட்டையில் எழுதி அவர்முன் வைத்திருந்தோம்.
இந்தத் தெருவில் மூன்றாவது கடன்கடை வேண்டாமென்று
வாக்களிப்பீர்களா?
ஆம், இல்லை. கட்டங்கள் இரண்டு.

அவர் பேனா மூடியைத் திருகுவதற்குள்
பட்டியலில் இல்லாத ஒருத்தி எழுந்தாள்.
கெஸியா.
எங்கள் பாடகர் குழுவில் கீழ்க்குரல்.
இரண்டாவது கடையில் கண்ணாடிக்குப் பின்னால்
பச்சைச் சட்டையில் இருப்பவள்.
வெர்லீனுக்கு அந்த முந்நூறை
எண்ணிக் கொடுத்த கை.

மேலாளர் அனுப்பியிருப்பான் என்றது ஒரு குரல்.
நான் பொத்தானை அழுத்தினேன்.

"தினமும் காலையில் ஒரு தாள் தருவார்கள்.
கடனை அடைத்து முடித்தவர்களின் பெயர்கள்.
கூப்பிட்டு, உங்களை நினைத்துக்கொண்டோம், வாருங்கள்
என்று சொல்ல வேண்டும்.
இந்த வாரத் தாளில்
இந்த அறையில் இருப்பவர்கள் முப்பத்தொரு பேர்.
ஞாயிறு உங்களோடு நின்று பாடுகிறேன்.
திங்கள் கூப்பிடுகிறேன்."

பிறகு பேசவில்லை. உட்காரவும் இல்லை.
இரண்டு நிமிடம் தாண்டியது. மூன்று.
மணியை அடிக்க வேண்டியவன் நான்.
குழாய்க்குள் தண்ணீர் தட்டும் சத்தம்.

வெர்லீன் பக்கத்து நாற்காலியில் கிடந்த கைப்பையை எடுத்து
மடியில் வைத்துக்கொண்டாள்.
மன்னிப்பா அது, எனக்குத் தெரியாது.
ஓர் இடம் காலியானது, அவ்வளவுதான்.

ஸ்ட்ரோபெல் தொண்டையைச் செருமினார்.
சட்டத்துறையைக் கேட்டுவிட்டுப் பார்க்கலாம் என்று
மூன்றாவது கட்டம் ஒன்றை அவரே வரைந்துகொண்டார்.
ஐயா, நாங்கள் அச்சடித்தது இரண்டுதான் என்றார் போதகர்.
கோட்டை மாட்டிக்கொண்டு அவர் போன பின்னும்
யாரும் எழுந்திருக்கவில்லை.

கூட்டம் முடிந்ததும்
வழக்கம்போல் குறைநிறை பேசினோம்.
நேரக் காப்பாளர் தவறினார் என்று எழுதிக்கொண்டார்கள்.
சரிதான்.
கடிகாரம் வேறு கைக்குப் போயிற்று,
எனக்கு நாற்காலி வேலை.

கெஸியாவுக்கு வியாழனன்று வேலை போயிற்று.
தாள் அவளிடம் இல்லை, பெயர்கள் இருக்கின்றன.
ஆலய அலுவலகத்துத் தொலைபேசியில்
ஒவ்வொருவராகக் கூப்பிடுகிறாள்:
உங்களை நினைத்துக்கொண்டோம்,
செவ்வாய்க்கிழமை வாருங்கள்.
சிலர் பட்டென்று வைத்துவிடுகிறார்கள்.

இருநூறு நாற்காலி போடு என்கிறார் மேப்ரி.
இருப்பது நூற்றிருபது.
நுஸ்ரத்தைக் கேட்டேன்.
எங்களிடம் கம்பளம்தான், கொண்டுவரட்டுமா என்றார்.
நிலவறையின் நீள அகலத்தை
இப்போது காலடியால் அளந்துகொண்டிருக்கிறேன்.